இரவல் குரல்: மறைந்த பாடகர்கள் மறுபடி பாடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலிகிராமத்தில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் இருக்கிற சின்ன ரெக்கார்டிங் அறைதான் என் பிழைப்பு. பக்திப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், குறும்படம், எப்போதாவது சினிமாவுக்கு டிராக். 2024 ஜனவரிக்குப் பிறகு இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர், டீ ஆறுவதற்குள் ஏஐ பற்றி ஏதாவது கேட்டுவிடுகிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிட்டேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தொழிலில் தேவைப்பட்டுக் கற்றுக்கொண்டவை.

அது என்ன 2024 ஜனவரி?

'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டு வந்த மாதம். அதில் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் பாடினார்கள். பம்பா பாக்யா 2022 செப்டம்பரில் காலமானவர். சாகுல் ஹமீது 1990களின் கடைசியில் சாலை விபத்தில் போனவர். 'உசிலம்பட்டி பெண்குட்டி', 'ராசாத்தி என் உசுரு', 'ஊர்வசி ஊர்வசி' எல்லாம் அவர் குரல்தான். கால் நூற்றாண்டுக்கு அப்புறம், ஏஐ மூலம் உருவாக்கிய அந்தக் குரல் ஒரு புதுப் பாட்டில் கேட்டதும் ஒரு பக்கம் மயிர்க்கூச்சம், இன்னொரு பக்கம் 'இது சரியா?' என்ற சண்டை. இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்திருப்பதாக ஏ.ஆர். ரஹ்மான் வெளிப்படையாக அறிவித்தார். அறிவிக்காமல் விட்டிருந்தால் சண்டை வேறு மாதிரி போயிருக்கும்.

அதே வருடம் ஜூனில் 'கோட்' படத்தின் 'சின்ன சின்ன கண்கள்'. பவதாரிணி ஜனவரி 25 அன்று மறைந்தார். ஐந்து மாதம் கழித்து, விஜய்யோடு அவர் குரல். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வரியைத் தட்டச்சு செய்தால் இறந்தவர் குரலில் இயந்திரமே பாடிவிடுமா?

பெரும்பாலோர் நினைப்பது இதுதான். தொழிலில் பெரும்பாலும் நடப்பது இது இல்லை.

முதலில் உயிரோடு இருக்கிற ஒரு பாடகர் முழுப் பாட்டையும் பாடுகிறார். பல்லவி, சரணம், சங்கதி (ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் நெளிவு), மூச்சு, எல்லாம் அவருடையது. அதைக் கணினிக்குள் கொடுத்தால் அது பாட்டை மூன்றாகப் பிரிக்கிறது: என்ன எழுத்து உச்சரிக்கப்படுகிறது, எந்தச் சுருதியில், எவ்வளவு அழுத்தத்தில். இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு குரலின் நிறத்தை மட்டும் மாற்றுகிறது. மறைந்தவரின் பழைய பாட்டுகளிலிருந்து கற்றுக்கொண்ட நிறம் அது. குரல் மாற்றி என்று சொல்லலாம். 2023 முதல் இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வீட்டுக் கணினியே போதும்.

பொம்மலாட்டம் மாதிரி. தோல் ஒருவருடையது, கை இன்னொருவருடையது.

அப்படியானால் அடியில் பாடியவர் யார்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் மிகக் குறைவு. இந்தப் பக்கத்தையே அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் சினிமாவில் டிராக் பாடுவது பழைய வழக்கம். மெட்டு தயாரானதும் ஒரு இளம் பாடகரை வைத்துப் பாடிப் பதிவு செய்துவிடுவார்கள். பெரிய பாடகருக்குக் கால்ஷீட் கிடைக்கிற நாளில் அவர் வந்து, அந்த டிராக்கைக் கேட்டுவிட்டு, தன் பாணியில் பாடிவிட்டுப் போவார். டிராக் அழிந்துவிடும். பாடியவருக்குச் சில ஆயிரம் ரூபாய், ஒரு சாப்பாடு, 'அடுத்த படத்துல பாத்துக்கலாம்மா' என்ற வார்த்தை. அதில் ஒரு நம்பிக்கையும் இருந்தது. சில சமயம் டைரக்டருக்கு டிராக்கே பிடித்துப்போய், அதையே வைத்துக்கொண்டு, பெயரும் போட்டுவிடுவார்கள். அப்படி வெளிச்சத்துக்கு வந்தவர்கள் உண்டு.

குரல் மாற்றி வந்ததும் என்ன ஆனது? டிராக் அழியவில்லை. படத்தில் கேட்கிற பாட்டே அந்த டிராக்தான், மேலே வேறு நிறம் பூசப்பட்டு. ஒவ்வொரு நெளிவும் டிராக் பாடியவருடையது. ஆனால் லிரிக் வீடியோவில் வருகிற பெயர் மறைந்தவருடையது.

போன வருடம் என் அறையில் ஒரு பெண் இப்படி ஒரு பக்திப் பாட்டுக்குப் பாடினாள். கர்நாடக சங்கீதம் பன்னிரண்டு வருடம் கற்றவள். சரணத்தின் கடைசி வரியில் ஒரு பிருகா, அதாவது வேகமாக உருளும் சுரக்கோவை, வரும். ஒன்பது டேக் எடுத்தாள், பத்தாவதில் அமைந்தது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பாட்டு வந்தபோது எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, அந்த எடம் கேட்டீங்களா? எனக்கே என்னைய அடையாளம் தெரியல. ஆனா மூச்சு எடுக்கிற சத்தம் மட்டும் என்னோடது." உண்மைதான். மூச்சை மென்பொருள் அவ்வளவாக மாற்றுவதில்லை. கமெண்ட்டில் ஒருவர், 'இந்த பிருகாவுக்கு இந்தக் காலத்துப் பாடகிகள் பிச்சை வாங்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். அதையும் அவளே எனக்கு அனுப்பிவைத்தாள், சிரிக்கிற பொம்மை போட்டு.

நல்ல மாடலுக்கு எவ்வளவு குரல் தேவை?

மாடல் என்பது ஒருவர் குரலின் நிறத்தைக் கேட்டுப் பழகிய மென்பொருள். பத்து நிமிடச் சுத்தமான குரல் இருந்தால் ஆளை அடையாளம் தெரிகிற அளவுக்கு வந்துவிடும். படத்தில் வைக்கிற தரத்துக்கு அரை மணி, ஒரு மணி நேரம் இருந்தால் நல்லது. சிக்கல் 'சுத்தமான' என்ற சொல்லில் இருக்கிறது. பழைய பாட்டுகளின் தனித்தனி டிராக் நாடாக்கள் பலதும் காணாமல் போய்விட்டன, அல்லது பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. கேசட்டிலும் சிடியிலும் வந்த முழுப் பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். 2019க்குப் பிறகு அதற்கும் இலவச மென்பொருள்கள் வந்துவிட்டன. தபேலாவும் கிட்டாரும் நன்றாகக் கழன்றுவரும். கோரஸும் புல்லாங்குழலும் வராது. அவை குரலோடு ஒட்டிக்கொண்டே நிற்கும்.

ரிவெர்ப், அதாவது குரலுக்குப் பின்னால் நீளும் எதிரொலி, இன்னொரு தலைவலி. அந்தக் காலப் பாட்டுகளில் குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய மண்டபமே இருக்கும். மாடல் அந்த மண்டபத்தையும் குரலின் ஒரு பகுதி என்று கற்றுக்கொள்ளும். பிறகு புதுப் பாட்டில், தகர டப்பாவுக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஒரு உலோகச் சத்தம் வரும்.

கேட்டால் கண்டுபிடிக்க முடியுமா?

நன்றாகச் செய்ததை, மிக்ஸிங்கும் முடிந்த பிறகு, சாதாரணமாகக் கேட்டால் முடியாது. தனியாகக் குரலை மட்டும் கேட்டால் சில இடங்கள் காட்டிக்கொடுக்கும்.

வேகமான பிருகாவில் மென்பொருள் சுருதியைத் தப்பாகக் கணித்து ஒரு ஸ்தாயி மேலேயோ கீழேயோ தாவிவிடும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் கரகரவென்று கிழிகிற மாதிரி கேட்கும். அப்புறம் ழகரம். உலகத்து மொழிகளையெல்லாம் கேட்டுப் பழகிய மென்பொருளுக்கு 'மழை'யும் 'மலை'யும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஹம்மிங்கிலிருந்து வார்த்தைக்கு மாறும் இடத்திலும் தடுமாறும். சிரிப்பு, விம்மல், பாட்டுக்கு நடுவே பேச்சு மாதிரி விழுகிற ஒரு சொல், இவையெல்லாம் இன்னும் கஷ்டம்தான்.

ஆனால் எனக்கு உறுத்துவது தொழில்நுட்பப் பிழை இல்லை. அந்தப் பாடகர் இருந்திருந்தால் இப்படிப் பாடியிருப்பாரா என்பது. ஒரு பாடகர் மெட்டைக் கேட்டதும், "சார், இந்த எடத்துல ஒரு சங்கதி போட்டுக்கட்டுமா?" என்று கேட்பார். 'வேண்டாம்யா' என்றாலும் போட்டுவிடுவார். நிறத்துக்குள் அது இல்லை.

பீட்டில்ஸ் கூட இறந்தவர் குரலில் பாட்டு விட்டார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. 2023 நவம்பரில் வந்த 'நவ் அண்ட் தென்' பாட்டில் இருப்பது ஜான் லெனான் உயிரோடிருந்தபோது வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே கேசட்டில் பாடிய அசல் குரல். பியானோச் சத்தத்திலிருந்து குரலைப் பிரித்தெடுக்க மட்டும் மென்பொருள் பயன்பட்டது. அழுக்குத் துடைப்பது வேறு, வேறு ஆளுக்கு முகமூடி போடுவது வேறு. இரண்டையும் 'ஏஐ' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

'சின்ன சின்ன கண்கள்' பற்றி உங்கள் கருத்து?

யுவன் சங்கர் ராஜா சொன்ன கதை இது: பெங்களூருவில் மெட்டுப் போடும்போதே இது அக்கா பவதாரிணிக்கான பாட்டு என்று அவருக்கும் இயக்குநர் வெங்கட் பிரபுவுக்கும் தோன்றியிருக்கிறது. உடம்பு தேறியதும் பாட வைக்கலாம் என்று நினைத்த ஒரு மணி நேரத்தில் அவர் இறந்த செய்தி வந்தது. தம்பி அக்காவின் குரலைத் தேடிப் போவதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டுக்குத் தேசிய விருது வாங்கிய குரல் அது. அந்தக் குழந்தைத்தனம் வேறு யாருக்கும் வராது என்று அந்த வீட்டுக்காரர்களே சொன்னால் நான் என்ன சொல்ல? அதே படத்தில் விஜயகாந்தின் உருவமும் வந்தது, அதுவும் குடும்பத்தின் சம்மதத்தோடு.

என் கவலை வேறு. நெருங்கிய உறவும் துக்கமும் சேர்ந்து நியாயப்படுத்திய ஒரு காரியம், மூன்றாவது நான்காவது தடவை வரும்போது வெறும் விளம்பர உத்தி ஆகிவிடும். 'மறைந்தவர் பாடியிருக்கிறார்' என்பதே செய்தியாகி, பாட்டு எப்படி என்று யாரும் பேசாமல் போவார்கள். இதுவரை வந்தவற்றைப் பற்றி நடந்த பேச்சை நினைத்துப் பாருங்கள், எத்தனை பேர் மெட்டைப் பற்றிப் பேசினார்கள்?

குடும்பம் சம்மதித்தால் போதுமா?

மனசாட்சிக்கு அது முதல் படி. காகிதத்துக்கு அது மட்டும் போதாது. குடும்பத்திடம் பெரும்பாலும் பாட்டுகளின் உரிமை இருக்காது. பதிவு செய்யப்பட்ட பாட்டு இசை நிறுவனத்துக்குச் சொந்தம். மாடலைப் பழக்க அந்தப் பாட்டைப் பயன்படுத்தினால் அவர்களிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் பத்திரமான வழி. ஏற்கெனவே உள்ள பாட்டை வேறு குரலில் போடுவதானால் மெட்டு, வரி இரண்டின் உரிமையாளர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

சம்மதம் வாங்காமல் போனால்? எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேட்காமல் உருவாக்கிப் பயன்படுத்தியதாக 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படக் குழுவுக்கு அவர் மகன் சரண் 2024 தொடக்கத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். மறைந்த அப்பாவின் குரல் தனக்கே தெரியாமல் ஒரு படத்தில் ஒலிப்பதை மகன் கேட்க நேர்வது எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் யோசித்தால் போதும், சட்டப் புத்தகமே வேண்டாம்.

சட்டம் என்னதான் சொல்கிறது?

உயிரோடு இருப்பவருக்கு ஓரளவு பாதுகாப்பு வந்துவிட்டது. பெயர், முகம், பாணி எல்லாம் பிரபலமானவரின் உரிமை என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இலேயே ரஜினிகாந்த் வழக்கில் ஏற்றது. 2023 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அனில் கபூருக்கு இடைக்காலத் தடை கொடுத்தபோது ஏஐ வழியாக உருவத்தையும் குரலையும் எடுப்பதையும் அதில் சேர்த்தது. பாடகர்களுக்கு முக்கியமானது 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அர்ஜித் சிங் வழக்கில் போட்ட உத்தரவு. அனுமதி இல்லாமல் ஒருவர் குரலை ஏஐ மூலம் நகல் எடுக்கும் கருவிகளைத் தருவதே அவருடைய ஆளுமை உரிமையை மீறுவது என்று அது சொன்னது. 2025இல் ஆஷா போஸ்லேவுக்கும் அதே நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுத்தது.

இறந்தவர் விஷயம் தலைகீழ். 'தலைவி' படத்தை எதிர்த்து ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய அந்தரங்கமும் புகழும் அவர் மரணத்தோடு முடிந்துவிடுகின்றன, வீடு வாசல் மாதிரி வாரிசுக்கு இறங்குவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் 2023இல் ஏறக்குறைய அதே வழியில்தான் போனது. இரண்டும் வாழ்க்கைக் கதையைப் படமெடுப்பது பற்றியவை, குரல் நகல் பற்றியவை அல்ல. இருந்தாலும், 'குடும்பத்திடம் கேட்டாக வேண்டும்' என்பதற்கு நம்மிடம் இன்று இருப்பது சட்டத்தைவிட மரியாதைதான் என்பது புரியும். அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 2024இல் பாடகர் எல்விஸ் பெயரில் ஒரு சட்டம் போட்டுக் குரலையும் காப்பாற்றப்படும் சொத்தாக்கிவிட்டது. நாஷ்வில் அந்த மாநிலத்தில் இருக்கிறது, பாட்டுத்தான் அங்கே தொழில். கோடம்பாக்கமும் அப்படிப்பட்ட ஊர்தானே என்று எனக்குத் தோன்றும்.

மிமிக்ரி கலைஞர்கள் காலங்காலமாகச் செய்வதுதானே? மெல்லிசைக் குழுவில் 'ஜூனியர்' பாடகர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் டி.எம்.எஸ். மாதிரியே பாடுகிறவரைக் கேட்டுவிட்டுக் கைதட்டுகிறோம். அவர் தன் தொண்டையால், தன் உழைப்பால் பாடுகிறார். யாரும் அவரை டி.எம்.எஸ். என்று ஏமாறுவதில்லை. மேடையில் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஏமாற்றுவதற்காகவே மனிதர் குரலைப் போலி செய்தாலும் தப்புத்தான். அமெரிக்காவில் ஃபோர்டு கார் விளம்பரத்துக்குப் பாடகி பெட் மிட்லர் பாட மறுத்தார். உடனே அவருக்குப் பின்பாட்டுப் பாடியவரையே வைத்து அவர் மாதிரியே பாட வைத்தார்கள். 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், விளம்பரத்துக்காகப் பிரபலமான ஒருவரின் தனித்த குரலை வேண்டுமென்றே போலி செய்வது அவரிடமிருந்து திருடுவதுதான் என்றது. ஏஐ வருவதற்கு முப்பத்தைந்து வருடம் முந்தைய சங்கதி இது.

இன்னொன்று. சினிமாவில் பின்னணி பாடும் முறை வந்த புதிதில் அதற்கே 'இரவல் குரல்' என்றுதான் பெயர். நடிகர் பாடாததைப் பாடியதாகக் காட்டுவது மோசடி என்று அன்றைக்கும் முணுமுணுத்தார்கள். பிறகு பாடியவர் பெயரை இசைத்தட்டில் அச்சடித்தார்கள், வானொலியில் சொன்னார்கள், பாடகர் தனி நட்சத்திரம் ஆனார். பெயர் போட்டதால்தான் அது கலையாக நின்றது. இப்போது இரவலுக்கு இரவல்.

எஸ்.பி.பி. குரலில் புதுப் படப் பாட்டுகளை யூடியூபில் போடுகிறார்களே, நானும் போடலாமா?

வேண்டாம். பாட்டு உரிமைக்காரரே முதலில் தூக்கிவிடுவார். 'ரசிகன் என்ற முறையில்' என்று விளக்கத்தில் எழுதினால் ஒன்றும் மாறாது.

அரசியல் கூட்டங்களிலும் வருகிறதே?

2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் மறைந்த கலைஞர் கருணாநிதி ஏஐ வழியாகத் தோன்றி வாழ்த்தினார். பிப்ரவரியில் ஜெயலலிதா பிறந்தநாளில் அவர் குரலில் அ.தி.மு.க. ஒரு ஒலிப்பதிவை வெளியிட்டது. பாட்டில் ஒரு குரலைத் தப்பாகப் போட்டால் ஒரு குடும்பம் வருத்தப்படும். அரசியலில் அவர் சொல்லாத கருத்தை அவர் வாயில் போடுகிறோம். எனக்கு இது பாட்டைவிடப் பத்து மடங்கு பயம். தேர்தல் பாட்டுக்காக ஒரு மறைந்த பாடகர் குரலைக் கேட்டு ஒருவர் வந்தார். "ஓட்டுப்பதிவு முடிஞ்சதும் அழிச்சுடலாம் சார்" என்றார், ஏதோ சுவரெழுத்து மாதிரி. அனுப்பிவிட்டேன். வேறு எங்கோ செய்துகொண்டிருப்பார்.

ஏஐயால் யாருக்கு வேலை போகிறது?

பெரிய பாடகருக்கு இல்லை. அடிமட்டத்தில்தான் முதலில் தண்ணீர் ஏறும்.

என் அறைக் கணக்கையே சொல்கிறேன். ஊர் ஜவுளிக்கடை, நகைக்கடை, பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண வீடியோவுக்கு மணமக்கள் பெயர் வைத்து ஒரு பாட்டு, இவைதான் என் மாத வாடகையைக் கட்டின. ஒரு விளம்பரப் பாட்டுக்குக் கீபோர்டு வாசிப்பவர், தாளம் போடுபவர், ஒரு பாடகி, வரி எழுதுகிற தம்பி, நான், ஐந்து பேருக்கு அன்றைக்குச் சோறு. இப்போது கடைக்காரரின் மகன் சூனோ மாதிரி ஒரு செயலியில் 'தீபாவளி, பட்டுப்புடவை, குத்துப்பாட்டு' என்று தட்டுகிறான். இரண்டு நிமிடத்தில் நான்கு பாட்டு. 'புடவை' என்பதைக் கொஞ்சம் அந்நியமாகச் சொல்லும்தான். கடைக்காரருக்கு அது போதும்.

அந்தச் சின்ன வேலைகளில்தான் எல்லோரும் தொழில் கற்றார்கள் என்பதுதான் விஷயம். மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, 'ப' வரும்போது காற்று அடிக்காமல் எப்படி முகத்தைத் திருப்புவது, பஞ்ச் போடும்போது (நடுவில் ஒரு வரியை மட்டும் மறுபடி பாடிப் பதியும்போது) முந்தின வரியோடு எப்படிச் சேர்வது, இதெல்லாம் ஜவுளிக்கடைப் பாட்டில் கற்று, பிறகுதான் சினிமாவுக்குப் போனார்கள். கீழ்ப்படியை எடுத்துவிட்டு, 'மேல்படிக்குத் திறமைசாலிகள் ஏன் வருவதில்லை' என்று பத்து வருடம் கழித்துக் கேட்கப் போகிறோம். கோரஸ் பாடுகிற அக்காக்கள் ஏற்கெனவே குறைந்துவிட்டார்கள். ஒரே பெண்ணை நாலு குரலாக மாற்றிவிடலாமே.

எல்லாம் நஷ்டம் என்று சொல்லமாட்டேன். பழைய பதிவைச் சுத்தம் செய்வதில் எனக்கே வேலை கூடியிருக்கிறது. இசையமைப்பாளர்கள் மெட்டைப் படக் குழுவுக்கு விளங்க வைக்க ஆண் குரலிலும் பெண் குரலிலும் மாற்றிக் காட்ட முடிகிறது. கைச்செலவு இல்லாத குறும்படப் பையன்களுக்குப் பின்னணி இசை கிடைக்கிறது. ஆனால் லாபம் ஒரு பக்கமும் நஷ்டம் இன்னொரு பக்கமும் இருந்தால் அதைச் சராசரி பார்த்து என்ன பயன்?

செயலியில் நான் உருவாக்கிய பாட்டு எனக்குச் சொந்தமா?

அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகம் 2025 ஜனவரியில் சொன்னது: வெறும் கட்டளை தட்டினதால் மட்டும் நீங்கள் ஆசிரியர் ஆகிவிடமாட்டீர்கள். மனிதர் செய்த பகுதிக்கு மட்டும்தான் உரிமை. வரி நீங்கள் எழுதியிருந்தால் வரி உங்களுடையது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கக் காரணமாக இருந்த நபரே ஆசிரியர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை எழுதியபோது யார் மனதிலும் இந்தச் செயலிகள் இல்லை. அதை நம்பிப் படத்தின் முக்கியப் பாட்டை வைக்காதீர்கள். அந்தச் செயலிகள் எதைக் கேட்டுப் பழகின என்பதும் தனிச் சண்டை. 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் சூனோ, யூடியோ இரண்டின் மீதும் வழக்குப் போட்டன. 2025 கடைசியில் அவற்றில் சிலவே அவர்களோடு கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பாடகர்களைக் கேட்டார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பல வருடம் முன்னால் 'எல்லா உரிமையும் உங்களுக்கே' என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் குரலை இனி அவர்கள் மாடலாக்கலாமா?

பயப்படாதீர்கள், முழுக்கக் கைவிட்டுப் போய்விடவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போடும்போது வழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ அந்த ஒப்பந்தம் செல்லாது, பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய. பாடகர்களின் உரிமைக்கும் அது பொருந்தும். குரல் மாற்றி அந்த வகையில் வருமா என்பதை உங்கள் வக்கீல் வாதாடலாம், வாதாட இடம் இருக்கிறது. புது ஒப்பந்தங்களில்தான் கவனம் தேவை. 'இப்போதுள்ள, இனிமேல் வரப்போகிற எல்லாத் தொழில்நுட்பங்களிலும்' என்று ஒரு வரி எட்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் உட்கார்ந்திருக்கும்.

டிராக் பாடுகிறவள் நான். என்ன எழுதி வாங்க வேண்டும்?

ஹாலிவுட் நடிகர்கள் 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியவற்றில் முக்கியமானது இதுதான்: டிஜிட்டல் நகல் எடுக்கச் சம்மதம், அதற்குத் தனிக் கூலி. நம்மால் 118 நாள் முடியாது. ஒரு பக்கக் காகிதம் முடியும்.

இந்தப் பாட்டுக்கு மட்டும்தான் பாடுகிறேன் என்று எழுதுங்கள். என் பாட்டை வேறு குரலாக மாற்றி வெளியிட்டால் டிராக் கூலி இல்லை, பாடகர் கூலி. பெயர் போட வேண்டும்: 'குரல் வடிவம் இன்னார், பாடியவர் இன்னார்' என்று. என் பதிவை வைத்து மாடல் பழக்கக் கூடாது. பாட்டு முடிந்ததும் தனிக்குரல் பைல் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். இது எல்லோரும் மறக்கிற விஷயம், வாட்ஸ்அப்பில் மூன்று பேருக்கு அந்த பைல் போய்விட்டிருக்கும். 'இதெல்லாம் கேட்டா அடுத்த வேலை கொடுக்கமாட்டாங்கண்ணே' என்பீர்கள். சிலர் கொடுக்கமாட்டார்கள்தான். என் அறைக்கு வரும் வேலைகளுக்கு இந்தக் காகிதத்தை நானே அச்சடித்து வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லாமல் மைக் திறப்பதில்லை. இதுவரை இரண்டு வேலை போயிருக்கிறது.

எங்கள் அம்மா பாடிய பழைய கேசட் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. அவர் குரலில் ஒரு பாட்டு செய்ய முடியுமா?

முடியும். ஆனால் முதலில் கேசட்டைக் காப்பாற்றுங்கள், மற்றது அப்புறம்.

பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஓடினால், ஹெட்டின் சாய்வைத் திருகித் திருகிக் குரல் தெளிவாகிற இடத்தில் நிறுத்தி, 24 பிட் வேவ் பைலாக ஒரே ஓட்டத்தில் பதியுங்கள். எம்பி3 வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று தம்பி வீட்டில் இருக்கட்டும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை அசலின் மேல் போடாதீர்கள், பிரதியில் மட்டும். ஒருவர் அப்படித்தான் தன் அம்மாவின் கேசட்டைச் சுத்தம் செய்து கொண்டுவந்தார். கேட்டால் குரல் அந்தரத்தில் தொங்கியது. சுருதிப்பெட்டி இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதால் மென்பொருள் அதையும் இரைச்சல் என்று துடைத்துவிட்டிருக்கிறது. நல்லவேளை, கேசட் அலமாரியில் இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம்.